புகையான் எண்ணுவது எப்படி? வலையில் இல்லை, விளக்கில் குவிகிறது

வெண்ணாற்றுக்கரை:

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் மூன்று ஏக்கரில் சம்பா போட்டிருக்கிறேன். சி.ஆர். 1009 நெல் ரகம், எட்டு அடிக்கு ஓர் அடி இடைவெளி (பட்டம்) விட்டு நட்டது. பயிர், கதிர் உறைக்குள் இருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்தை நெருங்குகிறது. மழை ஓய்ந்த பிறகு வானம் மூடியே கிடக்கிறது. பக்கத்து வயல்காரர் இரண்டு முறை மருந்து அடித்துவிட்டார். மருந்துக் கடையில் "புகையான் வந்துவிட்டது, இன்றைக்கே அடியுங்கள்" என்கிறார்கள். நெல்தண்டின் அடியில் சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சியைத்தான் புகையான் என்கிறோம். அடிப்பதற்கு முன் என் வயலில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

கொசுவலைத் துணியில் கைவலை தைத்து வயலுக்குள் நடந்து வீசிப் பார்த்தேன். பச்சைத் தத்துப்பூச்சி கொஞ்சம், ஊசித்தட்டான், சிலந்தி, பொறிவண்டு வந்தன. பழுப்பு நிறத்தில் தேடினால்தான் ஒன்றிரண்டு. சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன். அன்று மாலை மோட்டார் கொட்டகை விளக்கின் கீழ் தண்ணீர்த் தாம்பாளம் வைத்தேன். அதில் புகையான் அள்ளும் அளவுக்கு விழுந்து கிடந்தது. மறுநாள் வரப்போரம் சில குத்துகளை (ஓரிடத்தில் நட்ட நாற்று வளர்ந்த கொத்து) விலக்கிப் பார்த்தேன். ஒரு குத்தில் பத்துப் பதினைந்து, அடுத்த குத்தில் ஒன்றும் இல்லை.

மூன்றில் எதை நம்புவது? எத்தனை குத்து பார்த்தால் போதும்? சிலந்திகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறார்கள், அதை எப்படிச் சேர்ப்பது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மேலத்தெரு விவசாயி:

தம்பி, எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை என்பதுதான் என் அனுபவம். எங்கள் ஊரில் மேலிருந்து பார்க்கப் பச்சைப்பசேல் என்றிருந்த வயல், நாலைந்து நாளில் வட்டவட்டமாக, தீயில் எரிந்தது போலக் காய்ந்து படுத்துவிட்டது. வட்டம் தெரிந்த பிறகு எந்த மருந்தும் அந்த இடத்தைத் திருப்பித் தராது. விளக்கில் அள்ளும் அளவுக்கு விழுகிறது என்றால் வயலில் இல்லாமலா விழும்? சிலந்தியை எண்ணி எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அது பெருகிவிடும். உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்.

கொள்ளிடக்கரை:

தம்பி, மூன்று முறைகளும் உங்களிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றும் வயலின் வேறு வேறு இடத்தைப் பார்க்கிறது. வேளாண்மைத் துறையில் பூச்சிக் கண்காணிப்புப் பணி பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நிலையான திடல்களிலும், ஊர் ஊராகச் சென்று பார்க்கும் கணக்கெடுப்பிலும் வயலுக்குள் குனிந்து நின்றுதான் என் வேலைக்காலம் கழிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வலை. வலை பயிரின் மேல்பாதியைத்தான் துழாவுகிறது. பச்சைத் தத்துப்பூச்சி, கதிர்நாவாய்ப்பூச்சி, பொறிவண்டு, ஊசித்தட்டான், இலைநுனியில் உட்காரும் சிலந்திகள் எல்லாம் அதில் வரும். பச்சைத் தத்துப்பூச்சிக்குப் பொருளாதாரச் சேதநிலையே, அதாவது நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவே, வலைக்கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள்: 25 வீச்சுக்கு 60 பூச்சி. புகையான் இருப்பதோ தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. வலை அந்த இடத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே வலையில் புகையான் இல்லை என்பதை வைத்து வயலில் இல்லை என்று சொல்லவே கூடாது. வலை வீசுவதென்றால் பனி உலர்ந்த பிறகு, காற்று அதிகம் இல்லாதபோது வீசுங்கள். ஈரத்தில் பூச்சிகள் துணியோடு ஒட்டி நசுங்கிவிடும். பயிர் பூத்திருக்கும் நாட்களில் முற்பகலில் வீசாதீர்கள், அது மகரந்தம் சேரும் நேரம்.

அடுத்தது விளக்கு. விளக்குக்கு வருவது சிறகு முளைத்துப் பறக்கக்கூடியவை மட்டும். குஞ்சுகள் வராது. நம்மை அதிகம் கவலைப்படுத்த வேண்டிய குட்டைச் சிறகுப் பெண் பூச்சிகளும் வராது, அவற்றால் பறக்க முடியாது. வந்து விழுந்தவை உங்கள் வயலில் பிறந்தவை என்பதற்கும் உறுதியில்லை. சுற்றுவட்டத்து வயல்களிலிருந்தும், அதைவிடத் தொலைவிலிருந்தும் வந்திருக்கலாம். முழுநிலா நாட்களில் விளக்கில் விழுவது குறையும், அதைப் பார்த்துப் பூச்சி குறைந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. விளக்கு உங்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: பூச்சி ஊருக்குள் இறங்கியிருக்கிறது, நாளைக் காலை தூரைப் பாருங்கள். அதற்காக அதை மதிக்கிறேன். ஆனால் விளக்கைப் பார்த்து மருந்து அடிப்பது கூடவே கூடாது. இன்னொன்று, இரவு முழுக்க எரிய விடாதீர்கள். மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை போதும். பொறிவண்டும், புகையானைத் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் அந்தத் தாம்பாளத்தில்தான் விழுந்து சாகின்றன.

முடிவெடுக்க வேண்டியது குத்தைப் பார்த்துத்தான். வரப்போரத்துக் குத்துகளை விட்டுவிடுங்கள். ஓரத்தில் வெயிலும் காற்றும் வேறு மாதிரி, பூச்சியும் வேறு மாதிரி இருக்கும். நாலைந்து எட்டு உள்ளே போய், அங்கிருந்து வயலின் குறுக்கே மூலைக்கு மூலை நடந்து 20 குத்து பாருங்கள். ஐந்து இடம், இடத்துக்கு நான்கு குத்து என்று வைத்துக்கொள்ளலாம். எந்தக் குத்து என்பதைக் கண் தேர்ந்தெடுக்கக் கூடாது, இத்தனை எட்டுக்கு ஒன்று என்று கால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணுக்கு விட்டால் அது மஞ்சளாகத் தெரியும் குத்துக்கே போகும்.

பார்க்கும் வரிசை மிக முக்கியம். பலர் போனவுடன் குத்தைப் பிடித்து விலக்கிவிடுகிறார்கள். அந்த ஒரு அசைவில் நன்மை செய்யும் பூச்சிகளில் பாதி ஓடிவிடும். ஒரு எட்டு தள்ளி நின்று, உங்கள் நிழல் குத்தின்மேல் விழாமல், முதலில் மேலே பறப்பதையும் இலைநுனியில் இருப்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இலைகளைப் பாருங்கள். சுருட்டல், முட்டைக்குவியல், நீளக் கால்களை இலையோடு ஒட்டி நீட்டிப் படுத்திருக்கும் நீள்தாடைச் சிலந்தி. அப்புறம் குனிந்து தண்ணீர்ப் பரப்பைப் பாருங்கள். அதன்மேல் கூட்டமாக ஓடும் பொடிப் பூச்சிகள் தெரியும், தண்ணீரில் விழும் புகையான் குஞ்சுகளைத் தின்பவை அவை. கடைசியாகத்தான் தூரை மெல்ல விலக்க வேண்டும். விலக்கியதும் ஓநாய்ச் சிலந்தி கீழே இறங்கி ஓடும், அதை முதலில் எண்ணிவிடுங்கள். புகையான் ஓடாது, தூரின் மறுபக்கத்துக்கு நண்டு போலப் பக்கவாட்டில் நகரும். குத்தைச் சற்றுச் சாய்த்து உள்ளங்கையால் இரண்டு மூன்று தட்டு தட்டி, தண்ணீரிலோ அடியில் பிடித்த வெள்ளைத் தட்டிலோ விழுபவற்றை எண்ணுங்கள். முதல் பருவக் குஞ்சு வெளிறிப்போய் ஊசிமுனை அளவில்தான் இருக்கும். அதை விட்டுவிட்டால் கணக்கு பாதியாகிவிடும்.

ஒவ்வொரு குத்திலும் எத்தனை தூர், அதாவது கிளைத்து வந்த தண்டு, என்பதையும் எழுத வேண்டும். ஏனென்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு தூர்க்கணக்கில் இருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் என்பது சேதநிலை. குத்துக்கு 1 சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். சிலந்தியை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டீர்களே, விடை இதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 10 குத்தில் 150 தூர், 210 புகையான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூருக்கு 1.4. அதே 10 குத்தில் 12 சிலந்தி இருந்தால் அளவு 2, மருந்து வேண்டாம். 3 சிலந்திதான் இருந்தால் அளவு 1, தாண்டிவிட்டது, ஏதாவது செய்தாக வேண்டும். புகையான் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றுதான். அதனால்தான் புகையானை மட்டும் எண்ணி எழுதிய நோட்டைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதை வைத்து யாராலும் சரியான முடிவு சொல்ல முடியாது.

சிலந்திக்கு அந்த மதிப்பு சும்மா வந்துவிடவில்லை. ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளில் 5 முதல் 15 பூச்சி வரை தின்னும். குஞ்சுகளை முதுகில் சுமந்து திரியும் தாய்ச்சிலந்தியைப் பார்த்தால் அதை ஒன்று என்றே எழுதுங்கள், குஞ்சுகளைச் சேர்க்காதீர்கள். மிரிட் நாவாய்ப்பூச்சியைத் தனியாக எழுதுங்கள். பச்சை உடல், தலைப்பக்கம் கறுப்பு, ஒல்லியாக இருக்கும். பச்சைத் தத்துப்பூச்சி என்று நினைத்துப் பகைப் பட்டியலில் எழுதிவிடுகிறார்கள். தொட்டால் தத்துப்பூச்சி தெறித்துக் குதிக்கும், மிரிட் ஓடும் அல்லது பறக்கும். அது நாளுக்கு 7 முதல் 10 புகையான் முட்டைகளையோ, 1 முதல் 5 பூச்சிகளையோ தின்னும். முட்டை தூரின் உறைக்குள் செருகப்பட்டிருப்பதால் எந்த மருந்தும் அதை எளிதில் எட்டாது. மிரிட்டுக்கு எட்டும். புகையான் ஏறிய பிறகே இதன் எண்ணிக்கை ஏறும், ஆகவே இரண்டு நடைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

செம்பழுப்பும் கறுப்புமாக, எறும்பைப் போல நீளமாக ஒரு வண்டு தூரில் ஏறி இறங்கும். அதுவும் நம் பக்கம்தான். ஆனால் கையில் வைத்து நசுக்கிவிடாதீர்கள், தோல் கொப்பளித்துவிடும்.

மேலத்தெரு ஐயாவுக்கு: நீங்கள் சொல்லும் எரிந்த வட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன், அந்த வலி எனக்குத் தெரியும். ஆனால் 20 குத்து பார்க்க ஒரு காலைப் பொழுது போதும். அந்தப் பொழுதில் புகையான் பெருகிவிடாது. பார்க்காமல் செயற்கைப் பைரித்ராய்டு மருந்தை அடித்தால் சிலந்தியும் மிரிட்டும் செத்து, உறைக்குள் இருந்த முட்டை பொரிந்து, முன்பைவிட அதிகமாக ஏறும். புகையானுக்கு அந்த வகை மருந்து வேண்டாம் என்று பல்கலைக்கழகம் சொல்வதும் இதனால்தான்.

மேலத்தெரு விவசாயி:

அம்மா, பொறுமையாக விளக்கியதற்கு நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. மூலைக்கு மூலை நடந்தால் நடந்த கோட்டில் இருப்பதுதானே தெரியும்? எங்கள் ஊரில் எரிந்த இடம் தென்னை நிழல் விழும் மூலை. யார் நடந்தாலும் அங்கே கால் வைத்திருக்க மாட்டார்கள். சராசரி நன்றாக இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தால் அந்த மூலையிலிருந்து தீ பரவிவிடாதா?

கொள்ளிடக்கரை:

ஐயா, மிகச் சரியான கேள்வி. புகையான் வயல் முழுக்கச் சீராகப் பரவி இருக்காது, திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். தம்பி ஒரு குத்தில் பதினைந்தும் அடுத்ததில் ஒன்றுமில்லாமலும் பார்த்ததற்குக் காரணம் அதுதான். சிலந்திகள் அவ்வளவு கூட்டமாக இருப்பதில்லை. சிலந்திக்குப் பத்துக் குத்து போதுமான இடத்தில் புகையானுக்கு இருபது வேண்டும், முடிந்தால் இன்னும் கூடுதலாக.

குறுக்கு நடை முடிந்ததும் இரண்டாவது ஒரு சுற்று போக வேண்டும். நிழல் விழும் மூலை, தண்ணீர் தேங்கும் பள்ளம், யூரியா அதிகம் விழுந்து கருகருவென்று இருக்கும் இடம், நெருக்கமாக நட்டுப் பட்டம் அடைபட்ட இடம் ஆகியவற்றைத் தேடிப்போய்ப் பாருங்கள். அங்கே எண்ணியதை வேறு தாளில் எழுதுங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கவே கூடாது. தேடிப்போய் எடுத்த எண்ணைக் கலந்தால் முழு வயலும் மோசம் என்று காட்டும், மூன்று ஏக்கருக்கும் மருந்து வாங்க வேண்டியதாகிவிடும். தேடிப் போகாமலே விட்டால் நீங்கள் சொன்ன மூலை எரியும். முதல் தாளை வைத்து முழு வயலுக்கும், இரண்டாவது தாளை வைத்து அந்தத் திட்டுக்கு மட்டும் முடிவெடுங்கள்.

பூச்சியியல் மாணவி:

அம்மா எழுதியதைச் சேமித்து வைத்துக்கொண்டேன். ஆய்வுக்கூடப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

நாங்கள் உறிஞ்சு கருவி பயன்படுத்துகிறோம். ஒரு குத்தை மேலிருந்து கூண்டு போட்டு மூடி, உள்ளே இருப்பவை அனைத்தையும் தண்ணீர்ப் பரப்பில் மிதப்பவை உட்பட மோட்டாரால் உறிஞ்சி எடுத்து, சாராயத்தில் போட்டு நுண்ணோக்கியின் கீழ் பிரிக்கிறோம். 1961-இல் டீட்ரிக் என்பவர் செய்த, முதுகில் சுமக்கும் உறிஞ்சு கருவி வழிகாட்டியது. நெல் வயலுக்கு ஏற்றபடி, இலை ஊதும் இயந்திரத்தைத் திருப்பி அமைத்து அரிதா, ஹியோங் என்ற ஆய்வாளர்கள் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாக்கியது 1992-இல் வெளியானது. கண்ணால் எண்ணும்போது தெரியாத பொடிச் சிலந்திகள், முட்டை ஒட்டுண்ணிக் குளவிகள், கொசு போன்ற சிறு ஈக்கள் இதில்தான் வெளிப்படுகின்றன. ஆனால் ஒரு குத்தைப் பிரித்து எண்ணவே நெடுநேரம் ஆகும். விவசாயிக்கு இது தேவையில்லை. கண் எண்ணிக்கை எந்தப் பூச்சியில் எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்று சரிபார்க்க எங்களுக்குத் தேவை.

அந்தச் சிறு ஈக்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜாவா தீவின் நெல் வயல்களில் செட்டில் என்பவரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 1996-இல் வெளியானது. நட்ட புதிதில் பயிரைத் தின்னும் பூச்சிகள் வருவதற்கு முன்பே சிலந்திகள் வயலில் ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள். அப்போது அவை எதைத் தின்று வாழ்கின்றன? மக்கும் குப்பையையும் பாசியையும் தின்று பெருகும் ஈக்களையும் துள்ளிகள் எனும் பொடிப் பூச்சிகளையும்தான். ஆகவே முதல் மாதத்தில் அடிக்கும் மருந்து, பின்னால் வரப்போகும் புகையானுக்காகக் காத்திருக்கும் படையைப் பட்டினி போட்டும் கொன்றும் அழித்துவிடுகிறது. முதல் 40 நாள் மருந்து வேண்டாம் என்று வியட்நாமின் மேகாங் டெல்டாவில் 1994-இல் தொடங்கிய இயக்கம் நினைவுக்கு வருகிறது. அதற்கும் முன்னால் 1986-இல் இந்தோனேசிய அரசு 57 பூச்சிமருந்துகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தது. அதற்குக் காரணமே புகையான்தான்.

தண்டு துளைப்பான் முட்டைக்கும் எளிய வழி உண்டு. இலைநுனியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக்குவியலை இலைத்துண்டோடு வெட்டி, ஈரத்துணி வைத்த கண்ணாடிப் புட்டியில் போட்டு வாயைத் துணியால் கட்டி வையுங்கள். ஒரு வாரத்துக்குள் புழு பொரிந்துவிடும். அதற்குப் பிறகும் சில நாள் வைத்திருந்தால் குளவியும் வந்துவிடும். எத்தனை குவியலில் குளவி வந்தது என்று பாருங்கள். சதுர மீட்டருக்கு 2 முட்டைக்குவியல் என்ற அளவை மட்டும் பார்த்து மருந்து அடிப்பவர்கள், அந்தக் குவியல்களுக்குள் ஏற்கனவே குளவி இருப்பதை அறியாமல் அடிக்கிறார்கள். புழு வந்தால் அழித்துவிடலாம். குளவி வந்தால் வயலிலேயே திறந்துவிடுங்கள்.

கரிசல்மண்:

பெரம்பலூர்ப் பக்கம் பருத்திக்காரன் நான். படித்துக்கொண்டு வந்தேன், நெல்லின் முறையை அப்படியே பருத்திக்குக் கொண்டுவர யாரும் முயல வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. எங்களுக்குக் குத்து கிடையாது, செடியும் இலையும்தான். ஒரு செடியில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இலை பார்க்கிறோம். தத்துப்பூச்சிக்கு 50 இலைக்கு 50 என்பது அளவு. வெள்ளை ஈயைக் காலை வெயில் ஏறுமுன், இலையைப் பறிக்காமல் காம்பைப் பிடித்து மெல்லத் திருப்பி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். வேகமாகத் திருப்பினால் எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு வெளியே தெரியவே தெரியாது. இனக்கவர்ச்சிப் பொறியில் இரவுக்கு 8 அந்துப்பூச்சி, தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் எச்சரிக்கை. அதோடு பச்சைக் காய்களைப் பறித்து அறுத்துப் பார்க்க வேண்டும். 20 காய் அறுத்து இரண்டில் புழு இருந்தால் அதுவே பத்துச் சதவீதம், சேதநிலையை எட்டிவிட்டது. காயை அறுக்க மனம் வராது, ஆனால் அறுக்காமல் தெரியாது.

நன்மைப் பூச்சிகளை எண்ணுவது எங்களிடம் இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. பொறிவண்டும் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் நிறைய இருக்கின்றன. இந்த இழையைப் பார்த்ததும் எங்கள் குழுவிலும் நோட்டில் இரண்டு பக்கம் போட வேண்டும் என்று பேசப்போகிறேன்.

கொள்ளிடக்கரை:

கரிசல்மண் அண்ணன் சொன்னதைக் கேட்டு மனம் நிறைந்தது. இரண்டு பக்கம் போடுங்கள், ஆனால் நடுவே செடியையும் வரையுங்கள். 1989-இல் இந்தோனேசியாவில் தொடங்கிய வயல்வெளிப் பள்ளிகளில் அப்படித்தான் செய்தார்கள். பெரிய தாளில் நடுவே பயிர், ஒரு பக்கம் தீமைப் பூச்சி, மறுபக்கம் நன்மைப் பூச்சி, மேலே அன்றைய வானிலை, கீழே தண்ணீர் மட்டம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அந்தத் தாளில் வரைவதை எங்கள் பக்கத்துப் பயிற்சிகளிலும் கண்டேன். நடவு ஆட்களாகவே பார்க்கப்பட்டவர்கள், சிலந்தியில் நான்கு வகை பிரித்துச் சொன்னார்கள். வேளாண் சூழல் ஆய்வு என்று துறையில் பெயர் வைத்து எவ்வளவோ படிவங்கள் வந்தன, அந்தத் தாளுக்கு எதுவும் ஈடாகவில்லை.

நாற்றங்காலுக்கும் ஒரு வார்த்தை, இப்போது தேவைப்படாவிட்டாலும் குறுவைக்கு உதவும். இலைப்பேனைக் கண்ணால் எண்ண முயலாதீர்கள். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து நாற்றின்மேல் 12 முறை தடவுங்கள். கையில் ஒட்டியவை 60-ஐ எட்டினால்தான் கவலைப்பட வேண்டும். இதற்குப் பணமும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

வெண்ணாற்றுக்கரை:

அனைவருக்கும் நன்றி. அம்மா சொன்ன வரிசைப்படியே இன்று காலை பார்த்தேன். தம்பி மகன் நோட்டைப் பிடித்துக்கொண்டான், நான் எண்ணிச் சொன்னேன்.

குறுக்கு நடை 20 குத்து: 296 தூர், 341 புகையான், 31 சிலந்தி, 44 மிரிட். சிலந்தியில் பெரும்பாலும் தண்ணீரை ஒட்டி ஓடும் ஓநாய்ச் சிலந்தி. முதல் சில குத்துகளில் குறைவாகத்தான் தெரிந்தன, நிழல் விழாமல் நிற்கப் பழகிய பிறகு அதிகம் கண்ணில் பட்டன.

தேடிப்போன சுற்றில், மேலத்தெரு ஐயா சொன்னது போலவே கிழக்கு மூலைத் தென்னை நிழலில் ஒரு திட்டு. சுமார் ஒரு சென்ட் இருக்கும். தூருக்கு மூன்றுக்கு மேல். வயிறு பருத்த, சிறகு குட்டையான பூச்சிகள் நிறைய. சிலந்தி இரண்டு குத்துக்கு ஒன்று என்ற அளவில்தான். அங்கே பட்டம் அடைபட்டும் இருக்கிறது. இன்னொரு திட்டு வாய்க்கால் மடைப் பக்கம், அது அவ்வளவு மோசமில்லை, தூருக்கு ஒன்றரை அளவு, சிலந்தியும் குத்துக்கு ஒன்று இருக்கிறது.

என் கணக்கில் முழு வயலுக்குத் தூருக்கு 1.15, சிலந்தி குத்துக்கு 1.55. அடிக்க வேண்டியதில்லை என்று புரிந்துகொள்கிறேன். தென்னை மூலைக்கு என்ன செய்வது?

மேலத்தெரு விவசாயி:

தம்பி, கணக்கைப் பார்த்தேன். முழு வயலுக்கும் அடிக்க வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மூலையை மட்டும் விடாதீர்கள்.

கொள்ளிடக்கரை:

கணக்கு சரி தம்பி. 1.15 என்பது 2-க்கு நன்றாகக் கீழே இருக்கிறது, மிரிட்டும் குத்துக்கு இரண்டுக்கு மேல். மூன்று ஏக்கருக்கும் அடித்தால் நீங்கள் கொல்லப்போவது உங்கள் படையைத்தான்.

முதல் வேலை தண்ணீர். வயல் முழுவதையும் வடித்துவிடுங்கள், ஈரம் காயாமல் இருந்தால் போதும், பிறகு காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடுங்கள். இப்போது யூரியா போட நினைத்திருந்தால் நிறுத்துங்கள். தென்னை மூலையில் அடைபட்ட பட்டத்தைக் கையால் இருபுறமும் ஒதுக்கிக் காற்றும் வெளிச்சமும் தூருக்குப் போகும்படி செய்யுங்கள். அந்தத் திட்டுக்கு மட்டும் வேப்பெண்ணெய் 3 சதவீதம், சோப்புக் கரைசல் சேர்த்து, தூரின் அடியில் படும்படி தெளியுங்கள். இலைக்குமேல் தெளித்தால் வீண். சுற்றிலும் ஓரிரண்டு அடி வெளியிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போங்கள், நடுவில் தொடங்கினால் பூச்சிகள் வெளிப்பக்கம் சிதறும்.

மூன்று நாள் கழித்து இரண்டு தாளும் புதிதாக எழுத வேண்டும். குறுக்கு நடையில் 20 குத்து, தென்னை மூலையில் 5, மடைப் பக்கம் 5. அதே நேரம், அதே ஆள் எண்ணட்டும், ஆள் மாறினால் எண்ணிக்கையும் மாறும். குட்டைச் சிறகுப் பெண்களுக்குத் தனிக் கட்டம் போடுங்கள். குறுக்கு நடையிலும் அவை கண்ணில் பட ஆரம்பித்தால், சராசரி குறைவாக இருந்தாலும் அடுத்த நடையை ஒரு நாள் முன்னதாக வையுங்கள், அவை அந்த இடத்திலேயே தங்கி முட்டையிடுபவை. தென்னை மூலை மூன்று நாளில் இறங்காவிட்டால் தாள்களை எடுத்துக்கொண்டு வட்டார வேளாண் அலுவலகத்துக்குப் போங்கள். அந்த இடத்துக்கு மட்டும் எந்த மருந்து, எவ்வளவு என்று எண்களைக் காட்டிக் கேளுங்கள். கடைக்கு அதன் பிறகு போகலாம்.